எடுத்த கல்லை எங்கே வைப்பது

உட்காருங்கள் அண்ணா. அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். லேப் என்றதும் எங்கேயாவது ஷாக் அடிக்குமோ என்று பார்க்காதீர்கள். இங்கே ஷாக் அடிக்கிற அளவுக்கு எதுவும் வேலை செய்வதில்லை.

டீ சொல்லியிருக்கிறேன். ஆயாம்மா கொண்டுவருவாள். நீங்கள் வேன் எடுத்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்கரைதானே உங்கள் பெயர்? கடற்கரை அண்ணா. நான் ஜெசிந்தா. பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் பிசிக்ஸ். அதோ, ஜன்னலோரம் உட்கார்ந்து படம் போடுகிறாளே, அவள் என் பெண். செரின். யு.கே.ஜி. செரின், டிரைவர் மாமாவுக்கு வணக்கம் சொல்லு. வெட்கம் அவளுக்கு. சிரிக்க மாட்டாள், சிரித்தால் முன்பல் இல்லாதது தெரியும் என்று.

அந்தப் பல்லைப் பற்றித்தான் பேசக் கூப்பிட்டேன்.

இந்த வாரம் முழுக்க அவளை என்னோடு டவுன் பஸ்ஸில் கூட்டிவந்தேன். எனக்குக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ். இவளை அரைத் தூக்கத்தில் எழுப்பி, பஸ்ஸில் நின்றுகொண்டே இட்லி ஊட்டி, முடியவில்லை அண்ணா. அவள் அப்பா கப்பலில் இருக்கிறார். வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். திங்கள்கிழமையிலிருந்து அவள் உங்கள் வேனில் வருவாள். அதற்கு முன்னால், எனக்கும் உங்களுக்கு முன்னால் ஓட்டிய பால்பாண்டிக்கும் என்ன நடந்தது என்று நீங்கள் என் வாயால் கேட்டுவிட வேண்டும். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியும்.

இந்த ட்ராலியைக் கையில் எடுங்கள். பயப்படாமல் எடுங்கள். மஞ்சள் பெயின்ட் நான் அடித்ததுதான். நாலு சக்கரம், மேலே எடைக்கல் வைக்க ஒரு தட்டு. இங்கே ஒரு நூல் கட்டி, மேசை விளிம்பில் இருக்கிற இந்தக் கப்பி மேல் போட்டு, கீழே கொக்கியில் கல் மாட்டிவிட்டால், கல் கீழே இறங்கும், வண்டி ஓடும். கொக்கியில் கல் கூடக் கூட வண்டி வேகம் பிடிக்கிறது கூடும். அதே கொக்கியை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் கல் ஏற்றினால், வண்டி மந்தமாகிவிடும். இவ்வளவுதான் பாடம். இழுக்கிறது ஒன்று, இழுபடுகிறது ஒன்று. வருஷா வருஷம் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். வருஷா வருஷம் ஒரே தப்பைச் செய்கிறார்கள்.

என்ன தப்பு என்றால், கொக்கியில் கல் கூட்ட வேண்டும் என்றால், அந்தக் கல்லை வண்டியிலிருந்து எடுத்துத்தான் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து புதிதாக எடுக்கக் கூடாது. எடுத்ததை மேசையில் வைக்கவும் கூடாது. கொக்கியும் வண்டியோடு சேர்ந்துதானே ஓடுகிறது. மொத்தப் பளு மாறவே கூடாது. பிள்ளைகள் வண்டியிலிருந்து கல்லை எடுப்பார்கள், பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே அதை எங்கேயாவது வைத்துவிடுவார்கள். கிராஃப் நேராக வராது. அழுதுகொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எடுத்த கல் எங்கடி?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆகஸ்டில், மில் கேட். உங்களுக்குத் தெரியுமே, ரயில்வே கேட்டுக்கு முன்னால் ரோடு சரிந்து இறங்குகிற இடம். கேட் போட்டுவிட்டார்கள். பால்பாண்டி பிரேக் பிடித்திருக்கிறான். வண்டி நிற்காமல் போய், கேட் கம்பியில் முட்டித்தான் நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் திருச்செந்தூர் பாசஞ்சர் போய்க்கொண்டிருக்கிறது. செரின் முன்னால் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள், அதனால் நான்தான் முன்னால் உட்கார வைக்கச் சொல்லியிருந்தேன். டீச்சர் பிள்ளைக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி. டாஷ்போர்டில் வாய் போய் இடித்து, பல் போய்விட்டது. உதட்டில் தையல்.

என்னைக் கிளாஸிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான். அவன் சட்டை முழுக்க என் பிள்ளையின் ரத்தம். பல்லைக் கர்சீப்பில் முடிந்து வைத்திருந்தான். அதை என் கையில் கொடுக்கிறான் அண்ணா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நான் அதை அங்கேயே தரையில் எறிந்துவிட்டேன்.

இன்றைக்கும் ரயில் சத்தம் கேட்டால் செரின் எங்கே என்று தேடுவேன். கண்ணை மூடினால் அந்தக் கம்பி வளைகிறது. வளைந்து உடைகிறது. கனவில் உடைந்துவிடுகிறது அண்ணா, தினமும் உடைகிறது.

அந்த வேன் பன்னிரண்டு பேர் உட்கார்கிற வேன். அதில் இருபத்து சொச்சம் பிள்ளைகள். பளு இரட்டிப்பு, பிரேக் அதே பிரேக். எப்படி நிற்கும்? இதைக் கேட்கத்தான் மறுநாள் வேன் ஷெட்டுக்குப் போனேன். நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "ஏன் பால்பாண்டி, இவ்வளவு பிள்ளைங்கள ஏத்தினா பிரேக் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" அவன் எழுந்து நின்றான். நிற்கத்தான் செய்தான். ஆனால் சொன்னது என்ன தெரியுமா?

"டீச்சர், நானா ஏத்துறேன்? யாரு எங்க ஏறணும்னு சாரு சொல்றாரு, நான் கதவத் திறக்கேன். கொறைக்கணும்னா சார்ட்டப் போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா எனக்குச் சோறு போயிரும். நீங்க படிச்சவங்க, சொன்னாக் கேப்பாரு."

இது ஒரு பதிலா? ஸ்கூலை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் சாருக்கு ஆயிரம் வேலை. அவரிடம் போய் நான் வேன் கணக்குப் பேச முடியுமா? என் வேலை அவர் கையில். செரினின் அட்மிஷன் அவர் கையில். செரின் பிறந்து ரெண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்கு வேறு யார் வேலை கொடுத்தார்கள்? நல்ல மனுஷர். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது யார், அவரா?

நான் அதைச் சொன்னேன். "பிரேக்க மிதிக்கிற கால் உங்க கால்தானே" என்று கேட்டேன். அதற்கு ஷெட்டில் இருந்த இன்னொருத்தன், "யப்பா, பிரேக் டீச்சர் வந்துட்டாங்கடோய், எல்லாரும் காலக் காட்டுங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பால்பாண்டியும் சிரித்தான். லேசாகத்தான். தலையைக் குனிந்துகொண்டு. ஆனால் சிரித்தான். நான் பார்த்தேன்.

அடுத்த வாரத்துக்குள் என் பெயர் பிரேக் டீச்சர். எட்டாம் வகுப்புப் பொடியன்கள் நான் காரிடாரில் போனால் வாயால் கிறீச்சென்று சத்தம் கொடுப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் நாற்காலியை இழுத்தால்கூட, "மெதுவா ஜெசிந்தா, பிரேக் தேஞ்சிரப் போகுது" என்று தமிழம்மா.

நான் கான்வென்டில் படித்தவள் அண்ணா. எங்களுக்கு முதல் வருஷமே கதவைச் சத்தமில்லாமல் சாத்தக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். சண்டை போடக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் நான் சண்டை போடவில்லை. காத்திருந்தேன்.

செரினை வேனில்தான் அனுப்பினேன், வேறு வழியில்லை. அவன் அவளைப் பார்த்துப் பார்த்து ஏற்றினான். தன் துண்டை நாலாய் மடித்து அவளுக்கு முன்னால் டாஷ்போர்டில் கட்டிவைத்தான். நடிப்பு. இவளும் "பால் மாமா, பால் மாமா" என்று அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டு போவாள். வீட்டுக்கு வந்து, "பால் மாமா இப்பம் மெதுவா ஓட்டுறாங்கம்மா, கேட் தெரியும் முன்னாடியே நின்னுர்றாங்க" என்பாள். பயம் வந்துவிட்டது அவனுக்கு. நல்லது என்று நினைத்தேன். பயம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியட்டும்.

ஜனவரியில் சயின்ஸ் எக்ஸிபிஷன் வந்தது. பிசிக்ஸுக்கு என்ன வைக்கலாம் என்று பிரின்சிபால் கேட்டார். விசையும் நிறையும் முடுக்கமும் என்றேன். "அது ரொம்பப் பழசு இல்லையா மிஸ்?" என்றார். புதிதாகச் செய்கிறேன் சார் என்றேன்.

இதோ இந்தப் பலகையைச் சாய்த்து வைத்தேன். மேலிருந்து ட்ராலியை விட்டால் எப்போதும் ஒரே வேகத்தில்தான் மேசைக்கு இறங்கும். மேசையில் இறங்கியதும் பின்னாலிருந்து நூல் இழுக்கும். கொக்கியில் எப்போதும் அதே கல். அதுதான் பிரேக். கொஞ்ச தூரம் தள்ளி ரெண்டு ஆணி அடித்து, குறுக்கே ஒரு பென்சில். அது மில் கேட். கறுப்பு வெள்ளைக் கோடெல்லாம் போட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்மை ரயில், செரினுடையது. எடைக்கல் ஒவ்வொன்றுக்கும் யூனிஃபார்ம் தைத்தேன். நீல டவுசர், நீலப் பாவாடை, டை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்தேன் அண்ணா. என் கல்யாணச் சேலைக்குக்கூட நான் அவ்வளவு ஆசையாக ஃபால்ஸ் தைக்கவில்லை.

சுமையா என்று ஒரு பிளஸ் ஒன் பெண், நல்ல குரல், அவளை விளக்கம் சொல்ல வைத்தேன். பன்னிரண்டு கல் ஏற்றினால் ட்ராலி பென்சிலுக்கு நாலு விரல்கடை முன்னால் நின்றுவிடும். பிரேக் அதே பிரேக், கல்லை இரட்டிப்பாக்கினால், நிற்காது. பென்சிலைத் தள்ளிக்கொண்டு ரயிலில் போய் இடிக்கும். எத்தனை தடவை செய்து பார்த்தோம் தெரியுமா? ஒரு தடவைகூடத் தவறவில்லை. நியூட்டனுக்கு பால்பாண்டியும் ஒன்றுதான், கலெக்டரும் ஒன்றுதான்.

அன்றைக்கு சீஃப் கெஸ்ட் வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. கொடுக்கிற ஆபீசர். யாரைக் கூப்பிடலாம் என்று சார் கேட்டபோது அவரைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ரோட் சேஃப்டி மாதம் சார், பொருத்தமாக இருக்கும் என்றேன். சார் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

ஹால் நிறைய அம்மா அப்பாக்கள். சீஃப் கெஸ்ட் மேசைக்கு மேசை பார்த்துக்கொண்டு வருகிறார், பக்கத்தில் சார். அவர்கள் என் மேசைக்கு வருகிற நேரம் பார்த்து நான் வாசல் பக்கம் போனேன். பால்பாண்டி அங்கே நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். "பால்பாண்டி அண்ணா, ஒரு கை கொடுங்களேன்" என்றேன். அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். வந்தான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ட்ராலியை அவன் கையில் கொடுத்து, "மேலேருந்து விடுங்க" என்றேன்.

முதலில் பன்னிரண்டு பொம்மை. விட்டான். கேட்டுக்கு முன்னால் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் சிரித்தான். சின்னப் பையன் மாதிரி. பிறகு சுமையா மிச்சப் பொம்மைகளை ஒன்று ஒன்றாக அடுக்கினாள். அடுக்க அடுக்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மஞ்சள் வண்டி, பென்சில் கேட், ரயில். இது என்ன, தான் யார், எல்லாம் அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. அத்தனை பேர் பார்க்க, வண்டியை மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறான். விடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"விடுப்பா" என்றார் சீஃப் கெஸ்ட்.

விட்டான்.

பென்சில் சரியாக ரெண்டாக உடைந்தது. பொம்மைகள் மேசை முழுக்கச் சிதறின. ஒன்று உருண்டு கீழே விழுந்து, அவன் காலடியில். பிறகு ஒரு அம்மா கேட்டாள், "நம்ம வேன்ல எத்தனை புள்ளைங்க போகுது?" நான் வாயைத் திறக்கவில்லை. நான் எதற்குத் திறக்க வேண்டும்?

பால்பாண்டி சாரைப் பார்த்தான். சார் சீஃப் கெஸ்ட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், "எத்தனையோ தடவ சொல்லிட்டேன் சார். டிரைவருங்க கேக்கிறதில்ல. அவங்களா வழியில நிறுத்தி ஏத்திக்கிடுறாங்க. இன்னையோட இவனுக்குக் கணக்கு முடிச்சிர்றேன்."

பால்பாண்டி பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்து, இதோ இந்த இடத்தில், ட்ராலிக்குப் பக்கத்தில் வைத்தான். குனிந்து கீழே கிடந்த பொம்மையை எடுத்து, தூசி தட்டி, அதையும் வைத்தான். போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்கிறான்: "பாப்பாவுக்குப் பல்லு முளைக்க ஆரம்பிச்சிருச்சா டீச்சர்?"

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். வேலை போகிற நேரத்திலும் குத்திக் காட்டத் தெரிகிறது.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன் அண்ணா. ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட் உடையாமல் தூங்கினேன். மறுநாள் பேப்பரில் படம். சார், சீஃப் கெஸ்ட், நடுவில் ட்ராலி. "பாதுகாப்பில் முன்னோடிப் பள்ளி" என்று போட்டிருந்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பேனா கொடுத்தார். வேனில் இனி பன்னிரண்டு பேர்தான் என்று சர்க்குலர் போட்டார். கேட்டுக்குச் சற்று முன்னால், தீப்பெட்டி ஆபீஸ் லைன் வீட்டுப் பிள்ளைகள், கடைசியில் ஏறுகிறவர்கள், அவர்களை மட்டும் நிறுத்திவிட்டார்கள். வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் பளுவைக் குறைத்தால்தானே வண்டி நிற்கும்.

இப்போது யாரும் என்னைப் பிரேக் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஷெட்டில்கூட எழுந்து நிற்கிறார்கள். நிற்கட்டும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் உங்களை மிரட்டவில்லை. டீ வந்துவிட்டதே, குடியுங்கள், ஆறிவிடும். திங்கள்கிழமை செரின் ஏறுவாள். முன்னால் வேண்டவே வேண்டாம். கடைசி வரிசை, நடுச் சீட்டு. பின்னால் கண்ணாடி, முன்னால் மெத்தை சீட்டு. பிரேக் பிடித்தாலும் இடிக்காது. வாந்தி எடுத்தால் எடுக்கட்டும், நான் கவர் கொடுத்து அனுப்புகிறேன். நான் எல்லாம் யோசித்துவிட்டேன். அவளுக்கு இனி ஒன்றும் ஆகக் கூடாது அண்ணா. ஒன்றும் ஆகக் கூடாது.

என்ன கேட்டீர்கள்?

கையில் என்ன? ஓ, ட்ராலியிலிருந்து ஒரு கல் கழன்றுவிட்டதா. இருக்கட்டும். அதை எங்கே வைப்பது என்றா கேட்கிறீர்கள், இல்லை... வேறு என்னவோ சொன்னீர்களே.

லைன் பிள்ளைகளா? தெரியாதே. நடந்து வருவார்களாக இருக்கும். சைக்கிள் இருக்கும்.

லோடு ஆட்டோவிலா? எந்த லோடு ஆட்டோ?

பால்பாண்டியா?

அவனுக்கு ஏது ஆட்டோ. வாடகைக்கா. காலையில் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றுகிற அந்தத் திறந்த ஆட்டோவா? அதிலா பிள்ளைகளை ஏற்றுகிறான்? அத்தனை பேரையுமா? யார் சொல்லி ஏற்றுகிறான்? லைன் பொம்பளைகள் வந்து கேட்டார்களாமா. அவர்கள் கேட்டால் இவன் ஏற்றிவிடுவானா. அதில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாதே. அதன் பிரேக் எப்படி இருக்கும் என்று...

இருங்கள். இருங்கள் அண்ணா. அவன் எந்த நேரத்துக்கு வருகிறான்? உங்கள் நேரத்துக்கா? ஒரே பெல்தானே, ஆமாம், ஒரே நேரம்தான். மில் கேட் வழியாகவா? வேறு வழி இல்லை, ஆமாம்.

கேட் போட்டிருந்தால், அந்தச் சரிவில், அவன் உங்களுக்கு முன்னால் நிற்கிறானா, பின்னால் வந்து நிற்கிறானா?

பின்னாலா? தினமுமா?

எவ்வளவு பக்கத்தில்?

சிரிக்கிறீர்கள். ஹாரன் அடித்து விளையாடுகிறீர்களா ரெண்டு பேரும். பிள்ளைகள் கை காட்டிக்கொள்கிறார்களா. கடைசி வரிசைப் பிள்ளைகள் திரும்பி, கண்ணாடி வழியாக... சரி.

அவனை முன்னால் விட்டுவிடுங்கள் அண்ணா. திங்கள்கிழமையிலிருந்து. நீங்கள் ஓரம் கட்டி நின்று, அவன் போன பிறகு போங்கள். அப்போது அவனுக்குப் பின்னால் நாம்தான் இருப்போம். பின்னால் போகிற வண்டிக்குத்தான் பிரேக் நன்றாக இருக்க வேண்டும். நம் வேனில் பிரேக்கைப் பார்த்தார்கள் இல்லையா? ஆகஸ்டுக்குப் பிறகு, யாராவது, மெக்கானிக் யாராவது வந்து...

உங்களிடம் யாரும் சொல்லவில்லையா.

செரின், இங்கே வா. படம் போட்டது போதும். இங்கே வந்து அம்மா பக்கத்தில் நில்லு.

என்ன அண்ணா? அந்தக் கல்லா? இன்னும் கையிலேயே வைத்திருக்கிறீர்களே. வண்டியில் வைக்காதீர்கள். இல்லை, கொக்கியிலும் வேண்டாம். மேசையில்... மேசையில் வைக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருங்கள் அண்ணா. நான் யோசித்துச் சொல்கிறேன்.